சித்தப்பா திருடிய பாட்டு

ஆஸ்டின் டவுனில் சித்தப்பாவின் இருபத்தைந்தாம் கல்யாண நாள் விழா. ஸ்பீக்கரைக் கவனிக்கும் வேலை எனக்கு.

சித்தப்பா மைக்கைப் பிடித்து, "எம் பொண்டாட்டிக்காக நானே எழுதுன பாட்டு" என்று சொல்லிப் பாடினார். அது காலமான என் அப்பா என் அம்மா மேரிக்காக எழுதியது. எல்லோரும் கைதட்ட, அம்மா தலைகுனிந்து அழுதார்.

நான் நிதானமாக, என் போனிலிருந்த அப்பாவின் பதிவை ஸ்பீக்கரில் போட்டேன். "மேரி, இது ஒனக்காக எழுதுனது, சிரிக்காம கேளு" என்று சொல்லிவிட்டு அதே பாட்டைப் பாடினார் அப்பா.

"ஏம்மா, நாலு பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே!" என்றார் சித்தப்பா என்னிடம்.

"நீங்க திருடுனதும் அவங்க முன்னாடிதானே, சித்தப்பா?"

அதுவரை ஒரே போனில் இருந்த பதிவை அன்றே உறவினர் அனைவருக்கும் அனுப்பினேன். என் காலர் டியூனும் இப்போது அதுதான். சித்தப்பா அழைத்தால், முழுப் பாட்டையும் அவர் கேட்டு முடிக்கும்வரை எடுப்பதில்லை.