மரம் விழுந்த வளைவில்

போனக்காட்டிலிருந்து நான் திரும்பி வந்த பேருந்தில், முன் இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண் இருந்தாள். தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. படிக்கும்போது துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவாள், அவிழ்ப்பாள், மறுபடி சுற்றுவாள். மகளே, அன்று மதியம் அவளுக்கு ஆங்கிலப் பரீட்சை. வழியில் ஒரு வளைவில் மரம் விழுந்து பேருந்து நின்றுவிட்டது.

“என்ன பாடம்மா?” என்று கேட்டேன்.

“ரெண்டு பழைய கவிதை, அங்கிள். ஒப்பிட்டு எழுதணும். ஒண்ணுல ஒருத்தன், நேரம் போகுது, யோசிக்காம வான்னு பொண்ணைக் கூப்பிடுறான். இன்னொண்ணுல நம்பிப் போனவளை ஊரே பேசுது. கூட்டிட்டுப் போனவனை யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு ரெண்டும் ஒரே கதையாத்தான் தெரியுது.”

அப்போது பின்னாலிருந்து பைக்கில் வந்த அவளுடைய வகுப்புப் பையன் ஜன்னலருகே நிறுத்தினான். மரத்தின் ஓரமாக பைக் நுழைய இடம் இருந்தது.

“வா, சமயமில்ல. பரீட்சை போயிடும்.”

பேருந்தே திரும்பிப் பார்த்தது.

“போம்மா” என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். “நான் காலேஜ் சேர்றதுக்குள்ள பேச்சு லயத்துக்குப் போயிரும். அப்புறம் படிப்பே நின்னுரும். உங்க மகளா இருந்தா போன்னு சொல்வீங்களா, அங்கிள்?”

பையன் தனியாகவே போய்விட்டான். மரத்தை அறுத்து முடிக்கும்போது மதியம் தாண்டிவிட்டது. அவள் புத்தகத்தை மூடவே இல்லை. துப்பட்டா நுனி மட்டும் விரலில் சுற்றியபடியே இருந்தது.

மகளே, நீ என்றாவது யாருடைய பைக்கிலாவது வந்து இறங்கினால், பரீட்சை எப்படி இருந்தது என்றுதான் நான் முதலில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்க இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.