அடுத்தவள் தட்டு

என் மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு நான் போனது அவளுடைய அப்பாவைச் சம்மதிக்க வைக்க. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்திருந்தது. வாணியம்பாடியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்க வருகிறார்கள், மலையிலிருந்து ஆறு பிள்ளைகளை அழைத்துப்போகப் பெயர் கொடுத்திருந்தேன். ஐந்து வீடுகளில் சரி என்றுவிட்டார்கள். இவள் வீட்டில் மட்டும் பதில் இல்லை.

ஜவ்வாது மலையில் ஒரு உறைவிடப் பள்ளியில் வாரம் இரண்டு நாள் வேலைத்திறன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். படித்தது எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. சில வருடங்கள் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் நின்றவள். எதையும் வரிசைப்படுத்தி எழுதினால்தான் எனக்குத் தெளியும். அதனால் எந்த வேலைக்குப் போனாலும் கூடவே கொண்டுபோகக்கூடிய திறன்கள் என்று ஐந்தை எழுதி வகுப்பில் ஒட்டியிருந்தேன்: பயமில்லாமல் பேசுவது, காது கொடுத்துக் கேட்பது, குழுவாக வேலை செய்வது, சிக்கலைப் பிரித்துப் பார்ப்பது, நேரம் தவறாமல் இருப்பது. முதலாவதற்கே மூன்று மாதம் போயிற்று. ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்றால் பிள்ளைகள் ஊரைப் பற்றிச் சொல்வார்கள், அண்ணனைப் பற்றிச் சொல்வார்கள், மாட்டைப் பற்றிக்கூடச் சொல்வார்கள். இவள் மட்டும்தான் எழுந்து நின்று, “எனக்குக் கை வேகம், டீச்சர். வேற இன்னா சொல்லணும்?” என்று கேட்டவள்.

கை வேகத்தை அன்று அவள் வீட்டு வாசலில் பார்த்தேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு குவியல். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்துப் பழத்தை ஒரு பக்கம் போட வேண்டும். அவள் குவியல்தான் முதலில் தீர்ந்தது. தீர்ந்ததும் தலையைக்கூடத் தூக்காமல் பக்கத்தில் இருந்தவளின் குவியலில் கைவிட்டு ஒரு கை வாரிக்கொண்டாள். அந்தப் பெண் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. கேட்டுவிட்டு எடுக்கக் கூடாதா என்றேன். சிரித்தார்கள்.

“கேட்டா, நீ மெதுவா செய்றேன்னு குத்திக்காட்டற மாதிரி ஆய்டும் டீச்சரம்மா,” என்றாள் ஒருத்தி. “அடுத்தவளுக்கு மீந்து கெடக்கறப்போ எழுந்து போறவள எங்க ஊர்ல வாயாலயே உரிச்சிடுவாங்க.”

அவளுடைய அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“கம்பெனில இன்னா வேலைங்க?”

“சின்னச் சின்னத் திருகாணி மாட்டுறது, பாகங்களைச் சேர்க்கிறது. விடுதி உண்டு அண்ணா. கூடவே படிக்கலாம்.”

“திருகாணி மாட்டவா பன்னண்டாவது படிக்க வெச்சேன்? எங்க வூட்ல ஏர்கலப்பைக்கே நான்தான் மாட்டறேன், எனக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்களேன்.”

பெண்கள் மறுபடி சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தங்கச்சி மவனுக்குக் கேட்டுக்கினு இருக்காங்க. பதினெட்டு முடிஞ்சிடுச்சி. வைகாசில கல்யாணம்னு வாக்கு குடுத்துட்டேன். நீங்க இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. வேலைன்னு காகிதம் கையில வந்தா அதக் காட்டி ரெண்டு வருஷம் தள்ளிப் போட்றேன். வர்லன்னா வைகாசி. அப்புறம் வந்து என்னக் கேக்கக் கூடாது.”

“வரும்பா,” என்றாள் அவள்.

எனக்கும் சந்தேகம் இல்லை, தலையாட்டினேன். பள்ளியில் நான் வைத்த பயிற்சிகளில் அவளை யாரும் முந்தியதில்லை.

வாணியம்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் தேர்வு வைத்திருந்தார்கள். நீளமான மேசைகள். சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியின் முன்னாலும் ஒரு தட்டு, அதில் திருகாணிகளும் வாஷர்களும் நட்டுகளும். துளையிட்ட தகட்டில் வரிசை மாறாமல் மாட்டிவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். கம்பெனி அதிகாரி, என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண், விதிகளை ஒருமுறை வாசித்தார். கூட வந்தவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து அவளுடைய முதுகும் முழங்கைகளும் தெரிந்தன.

மண்டபத்திலேயே அவள்தான் முதலில் முடித்தாள். நான் மூச்சை விட்டேன். கை மேலே போகும் என்று பார்த்தேன். அவளுடைய வலது கை பக்கத்தில் இருந்தவளின் தட்டுக்குப் போயிற்று. ஒரு பிடி அள்ளிக்கொண்டு, அந்தப் பெண்ணின் தகட்டில் மறுமுனையிலிருந்து மாட்ட ஆரம்பித்தாள்.

“ஏய், இன்னாடி பண்ற?” அந்தப் பெண் கண்ணமங்கலம் பக்கத்திலிருந்து வந்தவள். தன் தட்டை வெடுக்கென்று இழுத்தாள். நட்டுகள் தரையில் உருண்டன. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதிகாரி வந்து இரண்டு தகடுகளையும் பார்த்தார். பிறகு இருவரையும் வெளியே வரச் சொன்னார்.

நானும் பின்னாலேயே போனேன். அவர்கள் ஊரில் வேலை செய்கிற விதம் அது, காப்பி அடிப்பது இல்லை என்று விளக்கினேன். புளியைப் பற்றிக்கூடச் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

“எனக்குப் புரியுது மேடம். ஆனா லைன்ல ஒவ்வொரு பீஸுக்கும் யார் மாட்டினாங்கன்னு பதிவு இருக்கும். அவ பீஸ்ல இவ கை வெச்சா, நாளைக்கு அது பழுதாகி வந்தா நான் யாரைக் கேக்கறது?”

பரிசோதனைப் பிரிவில் எத்தனையோ பழுதுகளை அந்தப் பதிவை வைத்துத்தான் நானே கண்டுபிடித்திருக்கிறேன். அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்தத் தகட்டில் எது யார் மாட்டியது என்று பிரிக்க முடியாது என்று இருவரையும் தகுதி நீக்கம் செய்தார். ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்.

கண்ணமங்கலத்துப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். “உன்ன யாரு கூப்ட்டா? நான் கேட்டனா? உன்னால என்துந்தான் போச்சி.”

“உன்துல மீந்து கெடந்துச்சே,” என்றாள் இவள். இவள் முகத்தில் அப்போது பயமோ வருத்தமோ இல்லை. அந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்ற குழப்பம்தான் இருந்தது.

வேலை போயிற்று என்பது திரும்பும் பேருந்தில்தான் அவளுக்கு உறைத்தது. மற்ற ஐந்து பேரில் மூன்று பேருக்குக் கிடைத்திருந்தது. அவர்கள் சந்தோஷத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார்கள். ஆலங்காயம் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியபோது அவள் என்னிடம் கேட்டாள்.

“டீச்சர், குழுன்னா யாரு? அந்த மண்டபத்துல இருந்தவங்க குழு இல்லையா?”

“அவங்க உன் போட்டியாளருங்க.”

“அது எப்படித் தெரியும்?”

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. பாடத்தில் புரியாத இடத்தைக் கேட்கிற குரல் அது. உட்கார்ந்திருக்கிற வட்டத்தைப் பார்த்தால் தெரியாது, முன்னால் நிற்கிறவர் சொல்லித்தான் தெரியும் என்றேன். “அப்ப சரி,” என்றாள்.

அடுத்த சில நாட்களில் என்னால் ஆனதைச் செய்தேன். கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசினேன். வேறு இரண்டு இடங்களில் கேட்டேன். ஒன்றில் ஆள் எடுத்து முடிந்திருந்தது, இன்னொன்றில் விடுதி இல்லை. மறுபடி அவள் அப்பாவிடம் போய் ஆறு மாதம் மட்டும் பொறுக்கச் சொன்னேன்.

“ஆறு மாசம்னா ஐப்பசி டீச்சரம்மா. பொண்ணு கேட்டவங்க ஒரு காகிதமும் இல்லாம ஐப்பசி வரைக்கும் வாயப் பாத்துக்கினு இருப்பாங்களா? நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். நீங்கதான் அன்னிக்கே ஒத்துக்கினீங்க.”

அவர் கோபப்படவில்லை. மோர் கொடுத்தார். அவள் உள்ளே இருந்து வெளியே வரவே இல்லை.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை. அந்த வாரம் வகுப்பும் இல்லை.

கார்த்திகையில் ஒரு காலை, ஆலங்காயம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். கணவனோடும் இன்னும் சில குடும்பங்களோடும் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் நின்றிருந்தாள்.

“மலை மேலயா டீச்சர்?”

“ஆமா. நீ எங்க?”

“கர்நாடகாவுக்கு. காப்பி பறிக்க. மாசிக்கு வந்துடுவோம்.” பிறகு கணவனை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் நகர்ந்து வந்தாள். “டீச்சர், ஆறு மாசம் ஆயிடுச்சி. இப்ப எழுதிப் போடலாம் இல்ல? இந்தத் தடவ என்து முடிஞ்சதும் கையத் தூக்கிடுவேன். அப்படியே ஒக்காந்துக்கினு இருப்பேன்.”

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது.

“அந்த விடுதியில கல்யாணம் ஆனவங்களைச் சேர்க்க மாட்டாங்கம்மா. வாணியம்பாடியில தங்க இடம் இருந்தா எழுதலாம். இருக்கா?”

“இல்ல டீச்சர்.”

“இன்னா வேலைங்க அது?” என்று கணவன் கேட்டான். நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தான். நான் சொல்வதற்குள் அவளே, “ஒண்ணுமில்ல, படிச்சப்போ கேட்டது,” என்று சொல்லிவிட்டு, அவன் கையிலிருந்த மூட்டையின் ஒரு காதைப் பிடித்தாள். வாணியம்பாடி வண்டி உள்ளே வந்தது. அவர்கள் இடம் பிடிக்க ஓடினார்கள்.