சகலையின் நிரலும் திங்கட்கிழமைச் சுத்தமும்

அந்த ஸ்கேன் மையத்தில் அவரை எல்லோரும் சர்வர்காரர் என்றே கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையெல்லாம் வைத்திருக்கும் பெரிய மெஷினைப் பதினோரு வருடமாகக் கட்டிக் காப்பவர். மாடு மேய்த்தவர் வீட்டில் பிறந்து, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய மனிதர். திங்கட்கிழமைதோறும் எல்லோருக்கும் முன்னால் வந்து மெஷினை ஒருமுறை அணைத்து மறுபடி போடுவார். "மெமரியைக் கழுவி விட்டாச்சு" என்பார். ஏன் கழுவ வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

வினை சகலை உருவில் வந்தது. "என் தங்கச்சி வீட்டுக்காரர் சும்மா உக்காந்திருக்காரு, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று மனைவி அரித்து எடுத்ததில், இவரே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டார். ஐந்தாம் மாதம் சகலை ஒரு நிரல் எழுதினான். நோயாளியின் எண்ணைத் தட்டினால் அவருடைய பழைய படங்களும் சேர்ந்து வந்து நிற்கும்.

"உங்க சகலை கெட்டிக்காரர்யா" என்றார் எலும்பு டாக்டர். "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள படம் வருது. இத்தனை வருஷமா நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சர்வர்காரரும் சிரித்தார். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு ஒரு புதன்கிழமை அவல் கிடைத்தது. மெஷினின் மெமரி அறுபத்து நாலு ஜி.பி. அதில் அறுபத்தொன்று நிரம்பிக் கிடந்தது. முன்பெல்லாம் நாற்பதைத் தாண்டியதில்லை. நேரே மேனேஜரம்மாவிடம் போனார்.

"மேடம், அந்தப் புது நிரல் மெமரியைத் தின்னு ஏப்பம் விடுது. திங்கட்கிழமை காலைல படம் சீக்கிரமா வரலைன்னு டாக்டருங்க கத்தறதும் அதனாலதான்."

"உங்க சகலையை வேலையில நிரந்தரமாக்கற கடிதத்துல வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போடணும். நீங்க சொல்றது நிஜம்னா நிறுத்திடறேன். எழுத்துல குடுங்க."

வியாழக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். எந்த நிரல் எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது என்று கூட்டினார். சகலையுடையது ஒன்றரை. எல்லாம் சேர்ந்தே ஒன்பதுதான். மறுபடி கூட்டினார், அதே ஒன்பது. மிச்சம் ஐம்பத்திரண்டு எங்கே?

மெஷின் காட்டிய மெமரிக் கணக்கில் 'கேஷ்' என்று ஒரு வரி இருந்தது. இத்தனை வருடம் கண்ணில் பட்டும் கருத்தில் படாத வரி. கையேட்டை எடுத்துப் பார்த்தார். படங்கள் நிரந்தரமாக இருக்கும் டிஸ்கிலிருந்து ஒருமுறை எடுத்த படத்தை, மறுபடி அங்கே ஓட வேண்டாமே என்று, சும்மா கிடக்கும் மெமரியில் மெஷின் தானாகவே வைத்துக்கொள்கிறது. பழைய படங்களும் திறக்கப்படுவதால் அது பெருத்திருக்கிறது. வேறு நிரல் இடம் கேட்டால் மறுபேச்சில்லாமல் ஒதுங்கிவிடுமாம். அவருக்கு நம்ப மனமில்லை. முப்பது ஜி.பி. கேட்கும் சின்ன நிரல் ஒன்றை ஓட்டிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு, இருபத்து நாலாக இறங்கியது. எங்கும் ஒரு முனகல் இல்லை.

அப்படியானால் திங்கட்கிழமைத் தாமதம்? மெஷினை அணைத்தால் கேஷ் காலி. பிறகு ஒவ்வொரு படத்துக்கும் டிஸ்குக்கு ஓட வேண்டும். பழைய பதிவுகளைப் புரட்டினார். சகலை வருவதற்கு முந்தைய வருடங்களிலும் திங்கட்கிழமை காலைகளில் அதே தாமதம்.

அறுபத்தொன்று என்று காட்டும் திரையை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தால் போதும். மேனேஜரம்மாவுக்கு என்ன தெரியப் போகிறது? அச்சும் எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து சகலை எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, டீ சொல்லட்டா? முகம் வாடிக் கெடக்கே."

"வேணாம்பா."

கெட்டிக்காரத்தனம் போதாதென்று இவனுக்கு நல்ல குணம் வேறா என்று எரிந்தது.

வெள்ளிக்கிழமை மேனேஜரம்மாவின் முன்னால் நின்றபோது அந்தக் காகிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. இரண்டு முறை கூட்டி வந்த விடையை மாற்றிச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

"தப்பு நிரல்ல இல்ல மேடம்."

"அப்ப திங்கட்கிழமை?"

"அது நான் அணைச்சுப் போடறதால."

"பதினோரு வருஷமாவா?"

"ஆமாங்க."

மேனேஜரம்மா கையெழுத்துப் போட்டு, கடிதத்தை இவரிடமே நீட்டினார். "போற வழில குடுத்துடுங்க. இனிமே மெஷின்ல கை வைக்கறதுக்கு முன்னாடி உங்க சகலையையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

சகலையின் மேஜை இருபதடி தூரம்தான். அதற்குள் இரண்டு முறை தண்ணீர் குடித்தார்.

"இந்தா, உனக்குத்தான்."

படித்துவிட்டு அவன் எழுந்து நின்றான். "எல்லாம் உங்களாலதான்ணே."

"ஆமா, என்னாலதான்" என்றார் சர்வர்காரர். "இதை உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லு. அவ அக்காகிட்டயும் சொல்லச் சொல்லு."