பதினொரு போத்தலும் ஒரு நாயும்

நான் காணி உறுதிப் பத்திரம் எழுதுகிறவன். புதுக்கடையில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் இருபத்தைந்து வருடமாக ஊரவர் காணிகளின் நாலு எல்லையையும் வாசித்து, ஒரு எழுத்துப் பிழைத்தாலும் தாளைத் திருப்பி அனுப்புகிற ஆள். அப்படிப்பட்ட நான் ஒரு ஷம்பூப் போத்தலின் பின்பக்கத்தை வாசிக்கவில்லை. முன்பக்கத்தில் ஒரு வெள்ளை நாய் சிரித்துக்கொண்டு நின்றது. அந்தச் சிரிப்பை நம்பி வாங்கினேன். இப்பவும் நினைத்தால் எனக்கு நானே கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போல இருக்கும்.

எங்கள் நாய் மண்ணிறத் தெருநாய். மகள் ஒரு மழைநாளில் காலி வீதி பஸ் தரிப்பில் நடுங்கிக்கொண்டு நின்றதைத் தூக்கிவந்து வளர்த்தாள். பிறகு படிக்க வெளிநாடு போனாள். போகும்போது, "அப்பா, இவளை வடிவாப் பாருங்கோ," என்று ஒன்றுதான் கேட்டாள். சனிக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுவாள். முதல் கால் மணித்தியாலம் நாய்க்கு. பிறகு தாய்க்கு. மிச்சம் இருந்தால் எனக்கு.

அந்த நாய்க்குத்தான் இந்த வருடம் வயிறும் கால்விரல் இடுக்கும் சிவந்தன. நக்கும், சொறியும், திரும்ப நக்கும். லிஃப்டுக்குள் நின்று சொறிந்ததை யாரோ கண்டுவிட்டார்கள். நாங்கள் வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி. அங்கே தும்மினாலும் கீழ்வீட்டில் "நூறு" என்பார்கள். மூன்றாம் நாள் கதவுக்கடியால் கடிதம் வந்தது. கட்டடக் கமிட்டியின் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி மனேஜர், கையொப்பம் வைத்திருந்தார். "தோல் வியாதியுள்ள பிராணியை ஒரு மாதத்துக்குள் அகற்றவும்."

அகற்றவும்! குப்பையையும் உடைந்த சைக்கிளையும் அகற்றச் சொல்லலாம். எனக்கு உச்சந்தலையில் ஏறியது. கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினேன்.

"அண்ணை, இது என்ன கடிதம்?"

"தம்பி, கோவிக்காதையும். சின்னப் பிள்ளையள் இருக்கிற இடம். சொறி தொத்தும்."

"சொறியெண்டு எந்த டொக்டர் சொன்னவர்?"

"பாக்கவே தெரியுதுதானே. முகத்துவாரப் பக்கம் காவலுக்கு நாய் தேடுற ஆக்கள் இருக்கினம். ஆரிட்டையும் குடுத்துவிடுமன்."

"போன மாதம் நீங்களும்தான் லிஃப்டுக்குள்ள முழங்கையைச் சொறிஞ்சுகொண்டு நிண்டனீங்கள். உங்களை ஆரும் அகற்றினவையோ?"

கதவு மூடிக்கொண்டது. மேலே வந்து மனைவிக்கு இதைப் பெருமையாகச் சொன்னேன். "நாய் சொறியாலை போகாது, உங்கட வாயாலைதான் போகப்போகுது," என்றாள்.

கோபக்காரன் ஆறுதலாக யோசிப்பானா? மிருக வைத்தியரிடம் போவதை விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். நாய்ச் சாமான் விற்கும் கடைப் பொடியன், "அய்யே, மேக்க ஹொந்தய்," என்று சிங்களத்தில் சொல்லி ஒரு லவெண்டர் ஷம்பூவை நீட்டினான். நல்லதாம். வாசமாக இருந்தது. கூடவே கொண்டிஷனர், பவுடர், ஒரு சென்ட் போத்தல். நாய்க்குச் சென்ட்! என் கலியாணத்துக்குக்கூட நான் சென்ட் அடிக்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிப்பாட்டினேன். சிவப்பு வயிற்றிலிருந்து தொடைக்கு ஏறியது. சரி, கிருமியாக்கும் என்று காயத்துக்குப் போடும் கிருமிநாசினித் தண்ணீரால் துடைத்தேன். தோல் காய்ந்து செதில் செதிலாக உரிந்தது. குழந்தைச் சவர்க்காரம் மென்மையானது என்று மனைவி சொன்னாள், அதையும் ஒரு போத்தல் வாங்கிப் போட்டேன். பச்சைக் குழந்தைக்குச் சரியென்றால் நாய்க்கு என்ன குறை என்பது எங்கள் வாதம்.

இதற்கிடையில் எனக்கும் கையில் அரித்தது. கையைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு குசினிக்குள் ஓடினேன்.

"இஞ்ச பார், எனக்கும் தொத்திட்டுது!"

"அது நுளம்பு கடிச்சது, விசர் மனுசன்."

யாரும் நாய் மணக்குது என்று சொல்லிவிடக்கூடாதே என்று தரையை நாளுக்கு மூன்று தரம் எலுமிச்சை வாசத் திரவம் ஊற்றித் துடைத்தேன். தண்ணீரில் கலக்கச் சொல்லியிருந்தது, கலக்காமலே ஊற்றினேன். வீடு எலுமிச்சந்தோட்டம் மாதிரி மணத்தது. நாய் அந்தத் தோட்டத்தில்தான் முழுநாளும் வயிற்றைப் பரப்பிக்கொண்டு படுத்துக் கிடந்தது. இந்த வரியை மறக்காதீர்கள். நான் மறந்துபோனேன்.

பிறகு கனடாவிலிருந்து மச்சாள் வந்தா. வெள்ளவத்தை வீடுகளில் ஒரு சமயம் உண்டு. அதற்குக் கோயில் கிடையாது, சூட்கேஸ்தான் மூலஸ்தானம். அதற்குள்ளிருந்து வந்த சவர்க்காரத்தைப் பாவிக்காமல் அலுமாரிக்குள் வைத்து, சேலைகளுக்கு மணம் ஏற்றுவோம். அதற்குள்ளிருந்து வந்த எதுவும் பிழையாகாது. மச்சாள் நாயைப் பார்த்துவிட்டுச் சூட்கேஸைத் திறந்தா. மண்ணிறக் குட்டிப் போத்தல், மேலே ஒரு பச்சை இலை.

"டீ ட்ரீ ஒயில். எங்கட பக்கம் எல்லாரும் தோலுக்கு இதுதான். இயற்கை. ஒரு கெமிக்கலும் இல்லை."

இயற்கை! தின்றால் சாகிற அலரிக்காயும் இயற்கைதான். ஆனால் சூட்கேஸிலிருந்து வந்ததை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஒரு சொட்டை நீரில் கலந்தா பூசினேன்? உள்ளங்கை நிறைய ஊற்றி, வயிறு, கால், விரல் இடுக்கு எல்லாம் அழுத்தித் தேய்த்தேன். நாய் வழக்கம்போல உடனே நக்கத் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் வாயால் வீணீர் வடிந்தது. எழும்பியது, பின்னங்கால் இரண்டும் குடிகாரன் கால் மாதிரி விலகிப் போயின. என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையைப் பற்றி நான் பகிடி விடமாட்டேன்.

தூக்கிக்கொண்டு படியால் ஓடினேன். சாரமும் மனைவியின் ரோஸ் நிறச் செருப்பும் போட்டிருந்தேன் என்பது ஓட்டோவுக்குள்தான் தெரிந்தது. "கெதியாப் போங்கோ, கெதியாப் போங்கோ," என்று காலி வீதி நெரிசலில் கத்தினேன். சாரதி, "ஐயா, ஆருக்கு வருத்தம், நாய்க்கோ உங்களுக்கோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மிருக வைத்தியர் என் மகளைவிட நாலைந்து வயது மூத்த பிள்ளை. போத்தலை வாங்கி மணந்து பார்த்தா. முகம் மாறியது.

"அங்கிள், இதைக் கலக்காமலா பூசினீங்கள்? இது நாய்க்கு நஞ்சு."

"இயற்கை எண்டு..."

"பாம்பும் இயற்கைதான்."

என் அலரிக்காயைவிட அந்தப் பாம்பு நல்லாக இருந்தது, ரசிக்கத்தான் முடியவில்லை. எண்ணெயைக் கழுவி, சேலைன் ஏற்றி, சூடாகப் போர்த்திப் பொழுதுபடும்வரை வைத்திருந்தா. கால்கள் நேராகின. "நாளைக்கு வரேக்கை இவளில பட்ட எல்லாத்தையும் கொண்டுவாங்கோ. எல்லாத்தையும்," என்றா.

அடுத்த நாள் மேசையில் அடுக்கினேன். இங்கே சொல்ல வெட்கப்பட்டு விட்டவற்றையும் சேர்த்துப் பதினொரு போத்தல். பின்னுக்கு நின்ற பூனைக்காரப் பெண் சிரித்தா. டொக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தா, நான் உறுதி வாசிக்கிற மாதிரி. வாசம், ஒதுக்கு. நிறம், ஒதுக்கு. மனுசத் தோலுக்குச் செய்தது, ஒதுக்கு. குழந்தைச் சவர்க்காரமும்தான், நாய்த் தோல் வேறையாம். கடைசியில் எலுமிச்சைத் திரவம்.

"இது?"

"அது நாய்க்கில்லை, நிலத்துக்கு."

"இவள் எங்க படுக்கிறவள், அங்கிள்?"

எலுமிச்சைப் போத்தலை நானே எடுத்துத் திருப்பினேன். வயிறு. விரல் இடுக்கு. நிலத்தில் முட்டுகிற இடங்கள் மட்டும்தான் முதலில் சிவந்தன. இந்த நாலு எல்லையையும் நான் வாசிக்கவேயில்லை. கமிட்டி என்ன சொல்லுமோ என்று நான்தான் முன்னரே தரையைத் துடைக்கத் தொடங்கினேன். கடிதம் வந்தபிறகு மூன்று மடங்காக்கினேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையைக் கவிழ்த்திருக்கலாம். ஆனால் யாரில் கவிழ்ப்பது?

பதினொன்றும் போய் ஒன்று வந்தது: ஓட்ஸ் போட்ட, வாசமில்லாத நாய் ஷம்பூ. முதலில் தொடையில் ஒரு சின்ன இடத்தில் போட்டு ஒருநாள் பார்க்கவேண்டும். பிறகு மூன்று கிழமைக்கு ஒருக்கால், வெதுவெதுப்பான தண்ணீர், நுரை ஒரு துளியும் மிஞ்சாமல் அலசல். தரைக்கு வெறும் தண்ணீர். புண்ணுக்கு அவ தந்த களிம்பு. அவ்வளவுதான்.

சனிக்கிழமை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று தொலைபேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். அவள் கத்தவில்லை. "நீங்கள் ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிற ஆள்தானே, அப்பா," என்றாள். கத்தியிருக்கலாம்.

மாதம் முடிந்த அன்று செயலாளர் மணியடித்தார். நான் சட்ட மொழியில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். "இதனால் அறியத்தருவது யாதெனில்" என்று தொண்டையைச் செருமியதுதான் தாமதம், நாய் என்னைத் தாண்டி ஓடிப்போய் அவருடைய காலடியில் மல்லாக்க விழுந்து வயிற்றைக் காட்டியது. அகற்றச் சொன்ன மனுசனுக்கு! ரோசம் என்பது மருந்துக்கும் இல்லை.

அவர் குனிந்து கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். வயிறு வெள்ளையாக, புதுமயிர் அரும்பிக் கிடந்தது.

"மாறீட்டுது போலதான் கிடக்கு, தம்பி. இருக்கட்டும்."

மன்னிப்பு இல்லை, ஒன்றுமில்லை. இருக்கட்டுமாம்! நாய் வாலை ஆட்ட ஆட்ட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தடவக் கையை நீட்டினார். லிஃப்டுக்குள் கிருமிக்கென்று வைத்திருக்கிற, எல்லாரும் கையில் பூசும் வாசத் திரவம் குப்பென்று அடித்தது.

"அண்ணை, தொடாதையுங்கோ! கையில என்ன பூசியிருக்கிறியள்?"

"என்ன?"

"வாச மருந்து. அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. உள்ளுக்கு வந்து கையைக் கழுவிப்போட்டுத் தொடுங்கோ."

கமிட்டிச் செயலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு என் குளியலறைக்குள் போனார். நான் கதவடியில் காவல் நின்றேன்.

"முழங்கை வரைக்கும் அலசுங்கோ அண்ணை, உங்களுக்கும் நல்லது," என்றேன்.