பெட்டிச் சங்கம்

கல்யாணமாகி மலாய் நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிறு காலை, "பெட்டி வந்திருச்சு, பெட்டி!" என்று தோட்டத்து லய வீடுகள் முழுக்கக் குரல் கேட்டது. அறந்தாங்கியிலிருந்து அம்மா ஏதோ பார்சல் அனுப்பிவிட்டாள் என்று வாசலுக்கு ஓடினேன். ரசீதுப் புத்தகத்தோடு நின்றவர் என் கணவரின் அக்கா, சாந்தி அண்ணி. தோட்டத்தில் யாராவது இறந்தால் அடக்கச் செலவைப் பார்த்துக்கொள்ளும் சங்கத்துக்கு வீடு வீடாக வசூலிப்பவர். அதன் முழுப் பெயர் அண்ணிக்கே வராது; சவப்பெட்டியை வைத்து 'பெட்டி' என்றே கூப்பிடுகிறார்கள். இங்கே எந்தச் சங்கத்துக்கும் வைத்த பெயர் நிலைப்பதில்லை. சிறுநீரக நோயாளிகளுக்கு உதவுகிறவர்கள் 'ரத்தங்கழுவி'. தீபாவளிக்கு மளிகை தருகிறவர்கள் 'அரிசி பார்ட்டி'. சாவுக்கு வசூலிக்க வருகிறவர்களிடம்தான் சனங்கள் அதிகம் சிரித்துப் பேசுகிறார்கள். எனக்கு அது இன்னும் பழகவில்லை.

இப்போது நானும் வசூலுக்குப் போகிறேன். அண்ணிக்கு முட்டிவலி, சரிவில் ஏறி இறங்கத் துணை வேண்டும். எனக்கோ வீட்டில் இருப்புக்கொள்வதில்லை. கணவர் பக்கத்து ஊர் திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டிப் போய்விடுவார். என் விசாவில் வேலைக்கும் போக முடியாது.

போன மாதம் கடைசி லயத்தில், நேபாளத் தொழிலாளர்களின் வீட்டை அண்ணி வழக்கம்போலத் தாண்டி நடந்தார். உள்ளிருந்து ஒருவர் வெறுங்காலோடு ஓடிவந்து ஒரு நோட்டை நீட்டினார். ஏதோ வாங்கிவரச் சொல்கிறார் என்று நினைத்து, கடை பிரிஞ்சாங் டவுனில் இருப்பதாகக் கைகாட்டினேன். அவர் ரசீதுப் புத்தகத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அந்தக் காச வாங்காத லா," என்றார் அண்ணி. "அவங்க டுவிட்ட வாங்கிட்டா நாளைக்கு நாமதான் தூக்கணும். அவங்களுக்கு ஏஜெண்டு இருக்கான்."

"ஏஜெண்டு வந்த லெச்சணத்தத்தான் பாத்தமே அண்ணி!"

மழைக்காலத்தில் அவரோடு தங்கியிருந்த ஒருவர் இறந்தபோது எந்த ஏஜெண்டும் எட்டிப் பார்க்கவில்லை. உடல் நாள்கணக்கில் பிணவறையில் கிடந்தது.

அந்த மனிதர் நீட்டிய கையை மடக்கவில்லை. "காக், சயா பூன் மாத்தி," என்றார். அக்கா, நானும்தான் சாவேன். என் அரைகுறை மலாய்க்கே அது புரிந்தது.

ஊரில் இருப்பவர்களுக்குத் தலைக்கட்டு வரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பா வேறு சாதியில் கட்டிக்கொண்ட வருடம், கோயில் வரி வாங்க வந்தவர்கள் எங்கள் தெருவில் அவர் வாசலில் மட்டும் நிற்கவில்லை; இனி ஊரில் சேர்த்தியில்லை என்று அர்த்தம். சித்தப்பா பணத்தோடு அவர்கள் பின்னாலேயே போனார். அவர்கள் பேச்சைக்கூட நிறுத்தாமல் நடந்தார்கள். பணம் மிச்சமான மனிதனின் முகமா அது! அடுத்த மாதமே குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார். கடல் தாண்டினால் இந்த வழக்கமெல்லாம் இருக்காது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆத்திரம் பொங்கியது. நோட்டை வாங்கிவிட்டேன்.

"கமிட்டிக்கு நீயா பதில் சொல்லுவ?"

"நானே சொல்றேன்."

அண்ணி என்னை முறைத்தார். பிறகு அவரிடம் திரும்பி, புதிதாகச் சேருகிற எல்லோரிடமும் கேட்பதை மலாயில் கேட்டார்: செத்தால் அடக்கம் எங்கே? அவர் யோசிக்கவே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி, தன் ஊர்ப் பெயரையும் சொன்னார். அனுப்புகிற செலவுக்குக் கமிட்டி என்ன சொல்லுமோ, அண்ணி எழுதிக்கொண்டார்.

"ஆமா, தம்பி பேரோட ஒன்னயச் சேத்தப்ப இதக் கேக்கவே இல்லயே. ஒனக்கு எங்க?"

இங்கேதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் முகம் வந்து நின்றது. அறந்தாங்கி என்று சொல்லலாமென்றால், எதிரே அண்ணி நின்றார்.

"அப்புறம் சொல்றேன் அண்ணி."

"அப்புறமாத்தான் வருவேன்னு சாவு ஒங்கிட்ட எழுதிக் குடுத்துச்சா?" என்றார் அண்ணி. பேனாவை மூடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.