கந்தகத்துக்குச் சிவப்பு

மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களையும் என் மகள் அட்டையில் வரிசையாக ஒட்டி, கீழே கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று எழுதியிருந்தாள். பாகூரில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து எடுத்தவை. ஒரே ஒரு வாயுவின் ஒளியை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரைக் கேமராவில் மாட்டி, விண்முகில் என்னும் ஒரே வாயு மேகத்தை மூன்று விதமாக எடுக்க அவளுக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் பிடித்தது. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த நான்காவது படத்தில்தான் வண்ணம். கந்தகமும் ஹைட்ரஜனும் கண்ணுக்கு ஒரே சிவப்பு; அப்படியே சேர்த்தால் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று பிரித்துக் கொடுத்திருந்தாள். அதையும் அட்டையிலேயே எழுதியிருந்தாள்.

பள்ளிக் கண்காட்சிக்கு நடுவராக வந்த பேராசிரியர் அதைப் படிக்கவில்லை. "இந்தப் பச்சை வானத்துல இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல சார். நான் குடுத்தது."

பக்கத்திலிருந்த ஆசிரியரைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், அவளே ஒத்துக்கிறாளே."

உண்மை சொன்ன பிள்ளையைத் திருடியாக்க அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. போலி என்று குறித்துவிட்டு அட்டையை இறக்கச் சொன்னார். மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் இனி எந்தப் போட்டிக்கும் அனுப்ப மாட்டோம் என்றது பள்ளி. பயந்துபோய் நானே எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன்.

நான் சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சிவப்புச் சாயம் ஏற்றி, பின்னணிக்கு நீலம் கொடுத்து, காசநோய்க் கிருமியைத் தேடுவது என் வேலை. கிருமிக்கு அந்த நிறம் கிடையாது. சாயம் போட்டால்தான் கண்ணில் படும். இத்தனை வருடத்தில் எந்த டாக்டரும் என் ரிப்போர்ட்டைப் போலி என்றதில்லை. இது தெரிந்த நானே, கண்காட்சியில் அவள் பக்கத்தில் நின்றிருந்தும், அந்த மனிதர் சொன்னதும் அட்டையை இறக்கிக் கொடுத்தேன். அவர்மேல் வரும் ஆத்திரம் பாதி வழியில் என்மேல் திரும்பிவிடுகிறது.

அன்றிலிருந்து அவள் மாடிக்குப் போகவில்லை. கேமரா பீரோவில் கிடக்கிறது. போன வாரம் ஒரு தகட்டுக்குச் சாயம் ஊற்றும்போது அவளுடைய அட்டை நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் தலைமையாசிரியருக்கு எழுத உட்கார்ந்தேன்: அந்த மன்னிப்பைத் திரும்பப் பெறுகிறோம், என் மகள் எடுத்த பச்சை ஹைட்ரஜன் உண்மையானது.

அவள் வாங்கிப் படித்தாள்.

"ஹைட்ரஜன் பச்சை இல்லம்மா. பச்சையா காட்டியிருக்கேன். தப்பா எழுதாத."

பேனாவை என்னிடமிருந்து வாங்கி, அந்த வரியை அடித்துத் திருத்தினாள். பிறகு நான் கேட்காமலே கீழே கையெழுத்துப் போட்டாள்.