டேக் வாங்கலாமா என்று கேட்டவர்களும் என் காதும்

ஆடியோ கடையில் வாரண்டி இல்லாமல் விற்கப்படும் சாமான் ஒன்றே ஒன்றுதான்: கடைக்காரன் சொல்லும் அபிப்பிராயம். மதுரை சிம்மக்கல்லில் இருபத்திரண்டு வருஷமாக ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் விற்கிறேன், ரிப்பேரும் பார்க்கிறேன். முன்பெல்லாம் வருகிறவர்கள், “எம்புட்டு வாட்ஸ்?” என்று கேட்பார்கள். இப்போது போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டி, “அண்ணே, இந்த வெளிநாட்டு டேக் வாங்கலாமா?” என்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காக: சிடியிலும் போனிலும் பாட்டு வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. அந்த எண்களை ஸ்பீக்கர் பாடக்கூடிய மின்சாரமாக மாற்றும் பெட்டிதான் டேக் (DAC). இதைச் செய்ய உங்கள் போனுக்குள்ளேயே ஒரு பொடி சில்லு இருக்கிறது. அப்புறம் தனிப்பெட்டி எதற்கு என்பதுதான் கேள்வி. ஆறு மாசம் யோசித்து, கண் எரிய வீடியோ பார்த்து, குழம்பிப் போய்க் கடைசியில் கடைக்காரன் வாயைப் பார்த்து நிற்கிற அன்பர்களே, அந்த வாய்க்குச் சொந்தக்காரன் பட்ட அவமானங்களையும் கொஞ்சம் கேளுங்கள்.

வாடிப்பட்டி வீட்டில்

வாடிப்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஒருவர் எட்டு மாசம் போனிலேயே யோசித்தார். “நீங்க சொன்னா வாங்குறேன் அண்ணே” என்பார். நானும் ஒருநாள், “திரையை விலக்குன மாதிரி இருக்கும் மாப்ள, வாங்குங்க” என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது நான் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

மூன்று மாசம் கழித்து புது ஸ்பீக்கர் வயர் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். மனுஷன் தரையில் உட்கார்ந்து பழைய வயரைப் பிடுங்குகிறார், புது வயரைச் சொருகுகிறார். பாட்டு பத்து வினாடி ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. “இப்ப நல்லாருக்கா? இப்ப?” என்று வீட்டில் ஒவ்வொருவராக நிறுத்தி விசாரிக்கிறார். பிள்ளைகள் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்களாம். அவர் மனைவி காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: “முன்னெல்லாம் விளக்கு வச்சதும் பாட்டப் போட்டு எல்லாரும் ஒக்காருவோம் அண்ணே. நீங்க பெட்டி குடுத்ததுலருந்து எங்க வீட்ல ஒரு பாட்டு முழுசா ஓடல.”

ஆல்டோ தனியாகப் பிரிந்தது

மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஜெபராஜ் சாரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அவருடைய சபையில் முப்பது வருஷமாகக் கொயர் என்கிற பாடகர் குழுவை நடத்துகிறவர். ஓய்வுக்குப் பிறகு தனக்கென்று ஆசைப்பட்டது ஒரு டேக் மட்டும்தான். “வாங்குறதுக்கு முன்னாடி ஒருக்கா கேட்டுப் பாத்துருவோம் தம்பி” என்று தன் கொயர் பாடிப் பதிவு செய்த கிறிஸ்துமஸ் கீத சிடியைக் கையோடு கொண்டு வந்தார்.

சிடி பிளேயரிலிருந்து இரண்டு வழி கொடுத்திருந்தேன். ஒன்று நேராக ஆம்ப்ளிஃபயருக்கு, இன்னொன்று டேக் வழியாக. ஆம்ப்ளிஃபயரில் ஒரு குமிழைத் திருப்பினால்தான் டேக் வழி பேசும். முதலில் டேக் இல்லாத சாதா வழி. அடுத்து டேக்கை ஆன் பண்ணினேன், நீல விளக்கு அழகாக எரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, “கேளுங்க சார். ஆல்டோ, அந்தக் கீழ்க்குரல் பாடுற அம்மாக்கள் தனியாப் பிரிஞ்சு வாராங்க பாருங்க” என்றேன். அவர் தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு மெதுவாக, “ஆமா தம்பி” என்றார்.

கண்ணைத் திறந்தபோதுதான் பார்த்தேன். குமிழ் திருப்பின பாடில்லை, பழைய இடத்திலேயே இருக்கிறது. இரண்டு தடவையும் ஓடியது ஒரே சாதா வழிதான். அங்கேயே சிரித்துச் சொல்லியிருக்கலாம். ‘காதுக்காரர்’ என்று மதுரையில் எனக்கு ஒரு பேர் இருக்கிறதே, அது போய்விடுமே என்ற பயம். சிடியை உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் படியிறங்கும்போது திரும்பி, “எனக்கு வயசாகுது தம்பி, இனி ஒங்க காதத்தான் நம்பணும்” என்றார்.

கான்வென்ட் கொசு

கான்வென்ட் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை ஹாலில் ஸ்பீக்கர் ‘கீய்ங்’ என்கிறது என்று சிஸ்டர் கூப்பிட்டார். போனேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஒரு வயரை மாற்றிவிட்டு, “சரியாயிருச்சு” என்று வந்துவிட்டேன். மறுவாரமும் கூப்பிட்டார். மறுபடி போனேன், மறுபடி ஒரு வயர். எழுந்து நின்று ஜம்பமாக, “போயிருச்சு சிஸ்டர்” என்றேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டு, “இல்ல!” என்று கத்தினார்கள்.

ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசல் வரை கூட வந்த சிஸ்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பிள்ளைங்க எல்லாம் சேந்து பொய் சொல்லாது பிரதர். நீங்க ஒருக்கா காதக் காட்டுங்க.”

என்ன வேலை பார்க்கிறீர்கள்?

காட்டினேன். காது ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் அழுத்தினேன். அப்புறம் ரொம்ப நேரம் அழுத்த வேண்டிய அவசியமே வரவில்லை. டெஸ்ட் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். முடியவில்லையாம், சத்தம் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம்.

கீச்சுச் சத்தங்கள் எதுவும் எனக்குக் கேட்பதில்லை என்று டெஸ்ட் எடுத்த பெண் படம் போட்ட தாளைக் காட்டினார். இருபத்திரண்டு வருஷம் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று ‘செக்’ பண்ணிய பலன். “என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டார். “எலக்ட்ரிக்கல் கடை” என்றேன். அந்தப் பெண் நிம்மதியாகப் பேனாவை மூடினார்: “அப்பப் பரவால்ல சார். சவுண்டு, மியூசிக்னு தொழில் பண்றவங்களா இருந்தா ரொம்பச் சிரமம்.”

வாங்க வந்த ஜெபராஜ் சார்

அடுத்த வாரமே சார் வந்தார். வீட்டிலும் சம்மதித்துவிட்டார்களாம், பெட்டியைக் கட்டச் சொன்னார். அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்தவனால் அதை அவரிடம் நீட்ட முடியவில்லை. உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் கொட்டினேன். அன்றைக்குக் குமிழைத் திருப்பவே இல்லை என்பதையும், ஆல்டோ பிரிந்தது வெறும் வாய்ப்பந்தல் என்பதையும், காது டாக்டரின் தாளையும். முகத்தை நிமிர்த்தாமல்தான் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சார் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். “அப்ப அன்னைக்கு ஓடுன ரெண்டும் ஒண்ணுதானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அன்னைக்கு எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல தம்பி. ஒங்களுக்குக் கேக்குது, எனக்குக் கேக்கல. முப்பது வருசம் நான் பாடவச்ச ஆல்டோ. வெக்கமாப் போச்சு, அதான் ஆமான்னு சொன்னேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சொந்தக் கொயரே காதுல விழாதவன் எதுக்கு முன்னாடி நின்னு கைய ஆட்டணும்? அந்த ஞாயித்துக்கிழமையே பாஸ்டர்ட்ட சொல்லிட்டு கொயர விட்டு இறங்கிட்டேன்.”

கடையைப் பூட்டிவிட்டு இப்போதே பாஸ்டரைப் பார்க்கலாம், தப்பு என்னுடையது என்று நானே சொல்கிறேன் என்று எழுந்தேன். சார் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “அந்த எடத்துல இப்ப ஒரு பிள்ள நிக்குது. நல்லாவே நடத்துது. அத எறக்கிட்டு நான் ஏறவா? விடுங்க தம்பி. டேக் வாங்கலாமா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க.”

பேசாத பெட்டி எதைக் கொண்டுவந்தாலும் திறந்து பார்த்துப் பேசவைத்துவிடுகிற எனக்கு, பாடிக்கொண்டிருந்த ஒரு மனுஷனை நிறுத்திய பிறகு எந்த ஸ்க்ரூவைக் கழற்றுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.